ஸ்கைரிம் சப்பென்று ஆகிவிட்டதா? இப்படி மாற்றிப் பாருங்கள்

ஈரோட்டில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் அடங்கிய பிறகுதான் விளையாட உட்காருவேன். 2011-இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ கேமை இன்னும் விடவில்லை. "போகப் போக சப்புன்னு ஆயிடுதுங்கண்ணா" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. அவனுக்குச் சொன்னதுதான் இது.

கடினத்தை லெஜண்டரி என்ற உச்ச நிலைக்கு ஏற்றினால் மட்டும் போதாது. அங்கே நாம் கொடுக்கும் அடி கால் பங்காகும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். வாளோடு நேரே போகிறவர்தான் திணறுவார். பதுங்கிப் போய்க் குறுவாளால் குத்துகிறவருக்கு, அதற்குரிய பெர்க் (நிலை ஏறும்போது நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) இருந்தால், ஒரே குத்து 15 மடங்கு இறங்கும். அடி கால் பங்காகக் குறைந்தது அங்கே உறைக்கவே உறைக்காது. அந்த பெர்க்கை எடுக்காதீர்கள். எதிரி நம்மைக் கவனிக்கக் கவனிக்க, திரை நடுவில் மூடியிருக்கும் கண் குறி மெல்லத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அந்தப் பயம் திரும்ப வரும். மாட்டினால் சண்டை உறுதி என்றால்தான் பதுங்குவதற்கே மரியாதை.

அப்புறம் உயிர். சுவரோரம் சும்மா நின்றாலே தானாக ஏறிவிடும், மருந்து பையிலேயே கிடக்கும். ஸ்கைரிமின் மறுவெளியீடான ஸ்பெஷல் எடிஷனில் சர்வைவல் முறையைப் போடுங்கள், தானாக ஏறுவது நின்றுவிடும். சின்னக் காயமும் கணக்கில் வரும். நீல மலைப்பூவையும் கோதுமையையும் கண்ட இடத்தில் நான் பறிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டையும் கலந்தால் உயிர் ஏற்றும் மருந்து ரெடி.

விட்சர் 3 என்ற இன்னொரு கேமை ஆடுகிறவர்கள் அதில் மிகக் கடினமான இரண்டு நிலைகளில் ஒன்றை எடுங்கள். அங்கே தியானத்தில் உட்கார்ந்தாலும் உயிர் ஏறாது.