சமயம் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலோ கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரிலோ பிளஸ் டூ முடித்த பிள்ளை "சமயம் படிக்கப் போறேன்" என்றால் வீட்டில் இரண்டு கேள்விகள் வரும். "சாமியாராப் போறியா?" என்பார் சித்தப்பா. "அதைப் படிச்சா யாரு சம்பளம் கொடுப்பா?" என்பார் அம்மா. சித்தப்பாவின் கேள்விக்கு அடிப்படையே இல்லை. அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடாமலே சேர்ந்துவிடுகிறவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள்.

பக்தியையும் இந்தப் படிப்பையும் ஒன்றாக்கிக் கொள்வது முதல் தவறு. அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி, ஓதுவார் பள்ளி, பாதிரியார்களை உருவாக்கும் செமினரி, மதரசா எல்லாம் ஒரு மரபுக்குள்ளே பணி செய்ய ஆள் தயார் செய்பவை. பல்கலைக்கழகத்துச் சமயத் துறையின் வேலை வேறு. மக்கள் எதை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை எப்படிச் சடங்காகிறது, சொத்தாகிறது, சட்டமாகிறது, சாதியாகிறது என்று கேட்பது அது. அமெரிக்காவில் 1963ல் உச்ச நீதிமன்றமே இந்தக் கோட்டைப் போட்டது: அரசுப் பள்ளியில் பைபிள் வாசிப்பை வழிபாடாக நடத்தக் கூடாது, சமயங்களைப் பற்றிக் கற்பிக்கத் தடையில்லை. அதற்குப் பிறகு அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களிலும் சமயத் துறைகள் பெருகின. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத் துறை 1967ல் தொடங்கியது. சாமி கும்பிடுகிறவரும் படிக்கலாம், கும்பிடாதவரும் படிக்கலாம். தேர்வுத்தாளில் இரண்டுக்கும் தனி மதிப்பெண் கிடையாது.

அடுத்தது, பட்டத்தின் பெயரைத் துரத்துவது. அமெரிக்கக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு "பி.ஏ. சமயம்" எங்கே என்று இங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இளங்கலையில் தத்துவம், வரலாறு, தமிழ், சமூகவியல் என்று ஒன்றைப் படித்துவிட்டு முதுகலையில் சமயத்துக்குள் நுழைவதுதான் இங்குள்ள நடைமுறை வழி. தத்துவம் வேண்டுமென்றால் தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரி, மதுரை கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி போன்ற இடங்கள் உண்டு. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம், இஸ்லாம் என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தில் இத்தனை இருப்பது அபூர்வம். நம் மாவட்டப் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை.

பெயரைத் துரத்துகிறவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இறையியல் பட்டம் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் பட்டம் தரும் அதிகாரம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956, பிரிவு 22ன்படி மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். கட்டணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால் இரண்டு முறை பாருங்கள்.

வேலை விதிகளைக் கடைசி வருடத்தில் படிப்பது மிகவும் செலவு பிடிக்கும் தவறு. இதை மூடி மறைக்க விருப்பமில்லை: சமயம் நம் பள்ளிகளில் பாடம் இல்லை. அதை மட்டும் முதுகலையாக வைத்துக்கொண்டு பி.எட். முடித்தால் அந்தப் பாடத்துக்கென ஆசிரியர் பணியிடமே இருக்காது. அரசு வேலைக்கு மனுப் போடும்போது பட்டத்தின் பெயர் வித்தியாசமாக இருந்தால் இணைத்தன்மை, அதாவது அது கேட்ட பட்டத்துக்குச் சமம் என்பதற்கான சான்று, கேட்பார்கள். ஆகவே இளங்கலையாவது எல்லோருக்கும் தெரிந்த பாடமாக இருப்பது பாதுகாப்பு. யுபிஎஸ்சி விருப்பப் பாடங்களில் சமயம் இல்லை. தத்துவம் உண்டு, அதன் இரண்டாம் தாளில் சமயத் தத்துவம் ஒரு பகுதி. கல்லூரி ஆசிரியப் பணிக்கான நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு தனிப் பாடமாகவே இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் தேர்வில் சைவமும் வைணவமும் பாடத்திட்டத்தில் வருகின்றன. ஆனால் அதற்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். முதல்நிலைச் செயல் அலுவலருக்குச் சட்டப் பட்டமும் கேட்பார்கள். இவை தவிர இதழியல், அருங்காட்சியகம், சுவடிக் காப்பகம், சட்டம் என்று போகிறவர்களும் உண்டு. அங்கெல்லாம் கூடவே இன்னொரு தகுதி வேண்டும்.

சொந்த மதத்தை மட்டும், அதுவும் புத்தகத்தில் மட்டும் படிப்பதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது பாவம்! நூற்றாண்டுகளுக்கு முன் ஆநிரை மீட்டுச் செத்த வீரனின் நடுகல், இன்று வேடியப்பனாகப் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கிறது. நினைவுக்கல் எப்போது சாமியானது? அது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கான கேள்வி. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்துக் கல்வெட்டு, தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், சமணக் கோயில் கட்டப்பட்டதைச் சொல்கிறது. அந்தச் சமணர்கள் என்ன ஆனார்கள்? கிருஷ்ணகிரி சையத் பாஷா மலை தர்காவுக்கு யார் யார் போகிறார்கள்? சேலத்திலிருந்து பிரிந்து 1997ல் தருமபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானபோது சுற்றுவட்டாரத் தேவாலயப் பங்குகளில் என்ன மாறியது? கேட்டுப் பதிவு செய்ய ஆள்தான் வேண்டும்.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மகாபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அருச்சுனன் தபசு, படுகளம், தீமிதி. நமக்கு அது ஊர்த் திருவிழா. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சமயப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டபைட்டலுக்கு அது வாழ்நாள் ஆய்வானது; செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய இரண்டு பெரிய தொகுதிகள் 1988லும் 1991லும் வந்தன. அவர் தமிழ் மண்ணுக்குப் பயணம் செய்து பார்த்தது நம் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் நடக்கிறது.

மொழியை அலட்சியம் செய்வதும் இதோடு சேர்ந்த தவறுதான். தென்னிந்தியச் சமயத்தை ஆராயும் அமெரிக்க மாணவர்கள் மதுரைக்கு வந்து தங்கித் தமிழ் கற்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஆனால் பேசினால் போதாது, அந்த எழுத்தையும் படிக்கப் பழக வேண்டும். கூடவே சமஸ்கிருதமோ அரபியோ கொஞ்சம் தொடங்கிவிட்டால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் போன்ற ஆய்வு நிறுவனங்களின் கதவைத் தட்டத் தயக்கம் இருக்காது.

வெளிநாட்டு மேற்படிப்பு நினைப்பு இருந்தால் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் ஒரு கட்டுரை எழுதுங்கள். பெரும்பாலான துறைகள் மாதிரிக் கட்டுரை கேட்கும். இணையத்தில் எடுத்து ஒட்டிய "எம்மதமும் சம்மதம்" பாணிக் கட்டுரை அங்கே செல்லாது. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே ஏதாவது ஓர் ஊர்ப் பாரதத்தைக் கொடியேற்றத்திலிருந்து தீமிதி வரை கூடவே இருந்து குறித்து வையுங்கள்: யாருக்கு முதல் மரியாதை, யார் பந்தலுக்கு வெளியே நிற்கிறார்கள், செலவுக் கணக்கு யார் கையில். குறிப்பெடுப்பதற்கு முன் தர்மகர்த்தாவிடமும் கூத்து வாத்தியாரிடமும் அனுமதி கேட்டுவிடுங்கள்.