பின்னால் தூங்குபவர் விழிக்கக் கூடாது: புதிய லாரி ஓட்டுநர்களுக்கு பிரேக் பாடம்

சிங்கப்பூரில் நான் லாரி ஓட்டத் தொடங்கிய முதல் மாதம். விடிவதற்கு முன் தங்குவிடுதியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு 14 அடி லாரியில் ஜாலான் பூரோ வழியாகப் போகிறேன். தூரத்தில் பச்சை விளக்கு. ‘போய்விடலாம்’ என்று நினைத்தேன், மஞ்சள் விழுந்தது, ஓங்கி மிதித்தேன். வண்டி கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஆனால் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அண்ணனின் மதியச் சோறு முழுவதும் லாரியின் தரையில் கொட்டிக் கிடந்தது. அவர் திட்டவில்லை. “நாளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடு தம்பி” என்றார்.

கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒரு வரிக்கான விரிவுரைதான். உரிமம் எடுத்துவிட்டு முதன்முறையாகச் சுமையோடு சாலைக்கு வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: புறப்படும் முன் பிரேக்கோடு பேசுங்கள்

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை பிரேக் என்று தெரிந்துகொள்ளுங்கள். 10 அடி, 14 அடி லாரிகளில் பெரும்பாலும் எண்ணெய் பிரேக். பெரிய லாரிகளில் காற்று பிரேக்.

எண்ணெய் பிரேக் என்றால், இஞ்சினை அணைத்த நிலையில் மிதியை நாலைந்து முறை அழுத்துங்கள். கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் இஞ்சினைக் கிளப்புங்கள். மிதி சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். அதன் பிறகும் அழுத்திப் பிடித்திருக்கும்போது மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு இருக்கிறது. வண்டியை எடுக்காதீர்கள். முதலாளி எத்தனை முறை அழைத்தாலும் எடுக்காதீர்கள்.

காற்று பிரேக் என்றால் பொறுமை வேண்டும். இஞ்சின் ஓடி, தொட்டியில் காற்று நிரம்பி, எச்சரிக்கை ஒலி நின்று, முள் தன் வழக்கமான இடத்துக்கு வரும்வரை நகரக் கூடாது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், தொட்டிக்குள் தண்ணீர் தேங்கும். அதை வடிப்பது யார் பொறுப்பு என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். “பணிமனையில் பார்த்துக்கொள்வார்கள்” என்று எல்லோரும் சொல்வார்கள், ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வாசலைத் தாண்டும் முன் நடைவேகத்தில் ஒருமுறை மிதித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? சத்தம் வருகிறதா? அரை நிமிட வேலை.

இன்னொன்று, சுமை. குழாய், பலகை, சாரக் கம்பி எதுவானாலும் முன்தடுப்போடு ஒட்டியிருக்கட்டும், இறுகக் கட்டியிருக்கட்டும். ஓர் அடி இடைவெளி விட்டால், நீங்கள் பிரேக் போடும்போது லாரி நிற்கும், கம்பி நிற்காது.

ஓட்டுநர் காலடியில் தண்ணீர்ப் புட்டி வைக்காதீர்கள். உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய் உட்காரும். என்னிடம் பயின்ற மூன்று பேரிடம் இதைச் சொன்னேன். மூன்று பேர் காலடியிலும் அப்போது புட்டி இருந்தது.

படி 2: மிதிப்பதற்கு முன் எடுங்கள்

புதியவர்கள் வலது காலுக்கு இரண்டே இடம் வைத்திருக்கிறார்கள்: ஒன்று ஆக்சிலேட்டர், இல்லாவிட்டால் பிரேக். நடுவில் மூன்றாவது இடம் ஒன்று உண்டு. இரண்டையும் அழுத்தாமல், கியரில் வைத்தபடி, இஞ்சின் இழுப்பிலேயே வேகம் குறைய விடுவது. கிளட்சை மட்டும் மிதித்துவிடாதீர்கள், அந்த இழுப்பு போய்விடும்.

எப்போது காலை எடுப்பது என்பதற்குச் சிங்கப்பூர் சாலையே துப்புக் கொடுக்கிறது. பல சந்திப்புகளில் பாதசாரிகளுக்கான பச்சை மனிதன் பக்கத்தில் நொடிகள் இறங்கிக்கொண்டே வரும். நீங்கள் போகும் திசையிலேயே கடப்பவர்களுக்கான எண்ணைப் பாருங்கள். அது 5, 4, 3 என்று வந்தால் உங்கள் பச்சைக்கும் ஆயுள் குறைவு. அப்போதே காலை எடுத்துவிடுங்கள். நான் வந்தபோது பச்சையாகவே இருந்த விளக்கை நான் நம்புவதில்லை. அது எவ்வளவு நேரமாகப் பச்சையாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பேருந்து நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்து, வாகனங்களுக்கு இடையே புகுந்து வரும் மோட்டார் சைக்கிள், வேலையிடத்து வாசலில் கொடி பிடித்து நிற்பவர் என யாரைக் கண்டாலும் முதல் வேலை இதுதான்.

படி 3: மெல்லத் தொடங்கி, அழுத்தி, மெல்ல முடியுங்கள்

முதலில் லேசாகத் தொடுங்கள். பின்விளக்கு எரிந்து, உங்களுக்குப் பின்னால் வருபவருக்குச் சேதி போய்விடும். பிறகு சீராக அழுத்துங்கள். வண்டி நிற்கப்போகும் கடைசி ஒரு மீட்டரில் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இதைச் செய்யாதவர்கள் நிறுத்தும்போதுதான் எல்லோர் தலையும் முன்னே போய்ப் பின்னே வருகிறது.

காற்று பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் காற்று செலவாகும். மிதித்த பின் காற்று சக்கரத்தை எட்டச் சிறு தாமதம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: காலியான இடத்தில் நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். வண்டி எந்த நொடியில் நின்றது என்று சொல்ல அவர் தடுமாறினால் தேறிவிட்டீர்கள். எனக்கு அது கைவர ஆறு மாதம் ஆனது. சோறு கொட்டிய அண்ணனை அதற்குப் பிறகு வேலையிட வாசலில் தட்டித்தான் எழுப்புவோம்.

படி 4: இடைவெளியை நொடியில் அளங்கள்

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்தால் அந்த 17 மீட்டர் சும்மாவே கரைந்துவிடும். காய்ந்த சாலையில், நல்ல பிரேக்கில், நிற்க இன்னொரு 28 மீட்டர். ஆக 45 மீட்டர். 12 மீட்டர் நீளமுள்ள பேருந்துகள் நான்கை வரிசையாக நிறுத்திப் பாருங்கள், அவ்வளவு. அதே கணக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 23 மீட்டர். இரண்டு பேருந்து. வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தீர்கள், நிற்கும் தூரம் பாதியாகிவிட்டது.

சாலையில் மீட்டர் கோலோடு நிற்க முடியாது. முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது நிதானமாக “இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று” என்று எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டக் கூடாது. காருக்கு இரண்டு நொடி என்று சொல்லிக்கொடுப்பார்கள். சுமையேற்றிய லாரிக்கு நான் மூன்றுக்குக் குறைந்து வைப்பதில்லை, மழையில் ஐந்து.

“இடைவெளி விட்டால் கார்கள் நுழைந்துவிடுகின்றனவே?” நுழையட்டும். துவாஸிலிருந்து சாங்கிவரை தீவு விரைவுச்சாலையில் 40 கிலோமீட்டருக்கும் மேல். வழியில் பத்துக் கார் நுழைந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நொடி விட்டுக்கொடுத்தாலும் இழப்பது அரை நிமிடம். தேநீர் ஆற்றும் நேரம்கூட இல்லை.

படி 5: இறக்கத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை நம்பாதீர்கள்

கார்களுக்கு 80, 90 என்று பலகை இருக்கும் விரைவுச்சாலையிலும் கனரக லாரிக்கு 60தான். உங்கள் லாரியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் நிம்மதி என்று தோன்றும். ஆனால் அது இஞ்சினுக்குப் போகும் எரிபொருளைத்தான் குறைக்கும், பிரேக் போடாது. இறக்கத்தில் சுமையே வண்டியைத் தள்ளும், முள் 60ஐத் தாண்டும்.

சிங்கப்பூரில் ஏது இறக்கம் என்கிறீர்களா? காலாங்-பாய லேபார் விரைவுச்சாலைச் சுரங்கப்பாதையிலும், கடலடியே போகும் மரினா கடலோர விரைவுச்சாலையிலும் நுழைந்து பாருங்கள். வெயிலிலிருந்து உள்ளே போகும்போது கண் பழக ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தில் சாலையும் சரியும். அதைவிடச் சோதனை, லாரியே மாடிக்கு ஏறிப் போகும் அடுக்குமாடிக் கிடங்குகள். சுற்றிச் சுற்றி இறங்கும் அந்தச் சரிவில் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறும், கருகிய வாடை வரும், மிதித்தாலும் பிடிக்காது.

இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறுங்கள், நடுவில் தேடாதீர்கள். ஸ்டியரிங் பக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறும் வழியை அடைத்து இஞ்சின் இழுப்பைக் கூட்டுவது) நெம்புகோல் இருந்தால் போடுங்கள். ஈரச் சாலையில், காலி வண்டியில் மட்டும் அதை அணைத்து வையுங்கள், பின்சக்கரம் வழுக்கக்கூடும்.

படி 6: மழை

மழையின் முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை, தூசியும் எண்ணெயும் சேர்ந்து சாலை சோப்பு போட்டதுபோல் ஆகும். இரும்புத் தகடு பதித்த இடங்களிலும், வெள்ளைக் கோடுகளின் மேலும் பிரேக் போடாமல், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நாம் போகும் இடது தடத்தில்தான் ஓரத் தண்ணீரும் தேங்கும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அவசரத்தில் அழுத்திப் பிடியுங்கள், மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காதீர்கள். ஆழமான தண்ணீரைக் கடந்த பிறகு, பின்னால் யாரும் நெருங்கி வராதபோது, மெல்ல மிதித்துப் பிரேக்கை உலர்த்துங்கள்.

படி 7: தூக்கம் வந்தால்

நம்மில் பலர் பகலெல்லாம் வேலையிடத்தில் உழைத்துவிட்டு மாலையில் லாரியும் ஓட்டுகிறோம். களைத்த காலுக்கு ஒரு நொடி போதாது. ஆட்களை ஏற்றிச் செல்லும் லாரியில் ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2023 முதல் விதி. அவரைக் கைப்பேசி பார்க்க விடாதீர்கள். கண் சொக்குகிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

படி 8: நிறுத்திய பின்

கை பிரேக்கை முழுதாக இழுங்கள். பிறகு கால் பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். சரிவில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கட்டை இருக்கைக்குப் பின்னால் கிடக்கும். கயிறு ஒன்று கட்டி வைத்தால், அதை எடுக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டுப் பின்னர் தேடி வரும் வேலை மிச்சம்.