இருபத்தைந்தைத் தாண்டி ஃபிரட்டேர்னிட்டி, சொரோரிட்டியில் சேர்வது எப்படி: கொழும்பிலிருந்து அமெரிக்கா போவோருக்கு

ஏ.எல். முடித்து, சிமாவோ ஏ.ஏ.டி.யோ போன்ற கணக்கியல் தகைமை ஒன்றைச் செய்து, கொழும்பில் சில வருடம் வேலை பார்த்த பிறகு இளமாணிப் பட்டத்துக்கென்று அமெரிக்கா போகிறவர்கள் பலர் இருபத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். அங்கே கம்பஸில் ஃபிரட்டேர்னிட்டி எனும் ஆண் மாணவர் சங்கங்களையும் சொரோரிட்டி எனும் பெண் மாணவர் சங்கங்களையும் கண்டதும் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந்த வயதில் எங்களை எடுப்பார்களா? பெண்களின் 26 சொரோரிட்டிகளை இணைக்கும் நஷனல் பன்ஹெலெனிக் கொன்ஃபரன்ஸ் வயது வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஃபிரட்டேர்னிட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான். பதிவுபெற்ற இளமாணி மாணவராக இருக்க வேண்டும். ஆனால் உங்களுக்குப் பட்டம் முடிய இன்னும் எத்தனை செமஸ்டர் மிச்சம் என்பதை அந்தக் கம்பஸிலுள்ள ஒவ்வொரு சங்கக் கிளையும் கணக்குப் பார்க்கும். உங்களை எடுப்பதும் விடுவதும் அநேகமாக அந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கிறது.

எந்த வாசல்

கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த சங்கமெல்லாம் ஒரே வகை இல்லை. உறுப்பினர் தங்கும் பெரிய வீடு, ஓகஸ்ட் மாத ஆரவாரம், ஒரே நிற ரீசேர்ட் என்று படங்களில் வருபவை பன்ஹெலெனிக் சொரோரிட்டிகளும் இன்டர்ஃபிரட்டேர்னிட்டி கவுன்சிலின் கீழ் வரும் ஃபிரட்டேர்னிட்டிகளும். இவை இளமாணி மாணவருக்கானவை. முதுமாணிக்குப் போகிறவர் இங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவை இன்னொரு வகை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் சிக்மா பீட்டா ரோ, டெக்சஸ் ஒஸ்டினில் 1998இல் டெல்டா எப்சிலொன் சை, யு.சி.எல்.ஏ.யில் 1999இல் பீட்டா கை தீட்டா ஆகியவை ஆண்களுக்கு உருவாயின. பெண்களுக்கு 1998இலேயே மூன்று: ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஒஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயோர்க் சென் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோ. கிளைகள் சிறியவை, அநேகமானவற்றுக்குச் சொந்த வீடு கிடையாது, அதனால் செலவும் குறைவு. ஆட்கள் குறைவான இடத்தில் ஒவ்வொருவரையும் நேரில் பழகித்தான் எடுப்பார்கள். வயது கூடியவருக்கு இது நல்லது. ஆனால் பல கம்பஸ்களில் முதல் செமஸ்டரிலேயே சேர விடமாட்டார்கள். அங்கே குறிப்பிட்ட அளவு கிரெடிட் முடித்திருக்க வேண்டும். (சிறிலங்கா என்றதும் இந்தியாவில் அது எந்தப் பக்கம் என்று கேட்கிற ஒருவராவது இருப்பார். சலித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள்.)

கறுப்பின மாணவர்களின் ஒன்பது சங்கங்கள் 1930இல் ஹொவார்ட் பல்கலைக்கழகத்தில் உருவான நஷனல் பன்-ஹெலெனிக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் மேலே சொன்ன கொன்ஃபரன்ஸ் வேறு, இது வேறு. பட்டம் பெற்றவர்களுக்கென்று இவற்றில் தனிக் கிளைகள் உண்டு. உறுப்புரிமை வாழ்நாள் முழுவதற்குமான சேவைக் கடமையாகவே அங்கே கருதப்படுகிறது. அந்தச் சங்கத்தின் வரலாறு தெரியாமல் வாசலில் போய் நின்றால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள்.

தொழில்சார்ந்தவை கடைசி வகை. வணிகத்துக்கு அல்ஃபா கப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907), பொறியியலுக்குத் தீட்டா டவ் (1904). சமூக சேவைக்கு 1925இல் லஃபயெட் கல்லூரியில் தொடங்கிய அல்ஃபா ஃபை ஒமேகா. இவற்றில் ஆண், பெண் இருபாலாரும் சேரலாம். கணக்காய்வு நிறுவனத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்த வகைதான். மற்ற இடங்களில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய அனுபவத்தை இங்கே கேட்டு வாங்குவார்கள்.

மிச்ச செமஸ்டர் கணக்கு

பன்ஹெலெனிக் முறையில் இரண்டு எண்கள் முக்கியம். சுற்றுச் சுற்றாக நடக்கும் பிரதான சேர்ப்பில் ஒரு கிளை எத்தனை புது ஆட்களை எடுக்கலாம் என்பது ‘கோட்டா’. கிளையில் மொத்தம் எத்தனை பேர் இருக்கலாம் என்பது ‘டோட்டல்’. கோட்டாவில் ஓர் இடத்தை முதலாம் வருடப் பிள்ளைக்குக் கொடுத்தால் கிளைக்கு எட்டு செமஸ்டர் உறுப்பினர் கிடைக்கிறார். கொழும்பில் இரண்டு வருடம் படித்து 60 கிரெடிட்டை மாற்றிக்கொண்டு போகிற நீங்கள் அங்கே போய் இறங்கும்போதே மூன்றாம் வருட மாணவர்; நாலு செமஸ்டர்தான் மிச்சம். இருபது வயதில் அதே நிலையில் வருகிற அமெரிக்கப் பிள்ளைக்கும் இதே தடைதான்.

இதைத் தாண்ட வழிகள் உண்டு. இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கம்பஸின் கிரேக்க வாழ்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, மேல் வருட மாணவருக்குத் தனிக் கோட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். சில கம்பஸ்களில் இருக்கிறது. இருந்தால் முதல் வருடத்தினரோடு நீங்கள் போட்டி போடத் தேவையில்லை. இல்லாவிட்டால் ‘தொடர் திறந்த அழைப்பு’ முறையை நாடுங்கள். டோட்டல் 100 என்று வையுங்கள். ஒரு கிளையில் 92 பேர் இருந்தால் அந்த எட்டு இடத்தையும் பிரதான சேர்ப்புக்கு வெளியே, சுற்றுகள் எதுவும் இல்லாமல், நேரடியாகப் பழகி நிரப்பலாம். ஜனவரியில் இந்த இடங்கள் கூடும், ஏனென்றால் டிசம்பரில் சிலர் பட்டம் முடித்துப் போயிருப்பார்கள். வயது கூடியவர்களுக்குப் பெரும்பாலும் வாய்க்கிற வழி இதுதான்.

ஆண்களுக்கு இந்த எண் விளையாட்டு இல்லை. ஃபிரட்டேர்னிட்டி ‘ரஷ்’ தளர்வானது: சாப்பாடு, கூடைப்பந்து, பேச்சு, பிறகு உறுப்பினர் வாக்கெடுப்பு, கையில் ‘பிட்’ எனப்படும் அழைப்பு.

மிச்ச செமஸ்டரைக் கூட்டவேண்டும் என்று மாற்றக்கூடிய கிரெடிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு ஈடாகிற சங்கம் கிடையாது.

ஜி.பி.ஏ. எங்கே?

கொழும்பில் பெற்ற கிரெடிட் அமெரிக்கப் பதிவில் பெரும்பாலும் கிரெடிட்டாக மட்டும் ஏறும், புள்ளி ஏறாது. சேர்ப்புப் படிவத்திலோ கல்லூரி ஜி.பி.ஏ. (சராசரிப் புள்ளி) கேட்பார்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி உங்களை ஒதுக்கிவிடலாம், கிளைக்கு உங்கள் பெயரே போய்ச் சேராது. வெளிநாட்டுக் கல்விச் சான்றுகளை மதிப்பிடும் வெஸ் நிறுவனத்திடமிருந்து, பாடவாரியாக மதிப்பிட்டு ஜி.பி.ஏ.யும் கணித்த அறிக்கை ஒன்றைக் கொழும்பில் இருக்கும்போதே எடுத்துவையுங்கள். அதைக் கிரேக்க வாழ்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏற்காவிட்டால் முதல் செமஸ்டரைப் படிப்புக்கு விட்டுவிட்டு, அமெரிக்க ஜி.பி.ஏ. கையில் வந்ததும் ஜனவரியில் போங்கள். சான்றிதழ் தொடர்பான குழப்பங்களுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசகர்களைப் பார்க்கலாம்.

புறப்படுமுன்

பெரிய கம்பஸ்களில் சொரோரிட்டி சேர்ப்பு ஓகஸ்டில், வகுப்பு தொடங்க முன்னரே நடக்கும். பதிவு அதற்கு மாதக்கணக்கில் முன்பே திறந்துவிடும். எஃப்-1 மாணவர் விசாவில் முதல் தடவை போகிறவர் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் திகதிக்கு 30 நாளுக்கு முன் நாட்டுக்குள் நுழைய முடியாது. ஆகவே மூன்று திகதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ஐ-20 திகதி, சேர்ப்பின் முதற் சுற்று, சர்வதேச மாணவர் அறிமுக நாள். பின் இரண்டும் மோதிக்கொள்வது வழமை. அறிமுக நாள் கட்டாயமானது, விசாப் பதிவு அதில்தான் நடக்கும். சுற்றுக்குத்தான் விடுப்புக் கேட்க வேண்டும். முன்கூட்டியே கேட்டால் கொடுப்பார்கள். விடுதி அறைக்கு முன்கூட்டியே குடிபுகும் அனுமதியையும் அதே வாரத்தில் கேளுங்கள்.

ஸூமில் நடக்கும் விளக்கக் கூட்டங்கள் கிழக்குக் கரை நேரம் மாலை ஏழு என்றால், கோடையில் கொழும்பில் அது மறுநாள் விடிய நாலரை. பரிந்துரைக் கடிதத்துக்காக அந்தச் சொரோரிட்டியின் பழைய உறுப்பினர் எவரையும் வெள்ளவத்தையில் தேடி அலைய வேண்டாம். பல சங்கங்கள் அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டன.

சுற்றுகளும் பேச்சும்

பன்ஹெலெனிக் சேர்ப்பு பொதுவாக நாலு சுற்று: திறந்த வீடு, தருமப்பணி, சகோதரத்துவம், விருப்பத்தெரிவு. சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறையும், பேச்சு நீளும். முதற் சுற்றில் ஒரு வீட்டில் கொஞ்ச நிமிடம்தான் கிடைக்கும். அதில் ஏ.எல். முறைமையை விளங்கப்படுத்த வெளிக்கிட்டால் நேரம் போய்விடும். ‘ஏன் இப்போது?’ என்ற கேள்வி வரும்; இரண்டு வசனத்தில் பதில் வைத்திருங்கள்: வேலை பார்த்தேன், இந்தப் பாடத்தைப் படிக்க வந்தேன், படிக்கிற காலத்தில் நாலு பேரோடு சேர்ந்து ஏதாவது செய்ய விரும்புகிறேன். வயதை மறைக்கவும் வேண்டாம், அதை வைத்தே பேச்சைத் தொடங்கவும் வேண்டாம். பட்டம் முடிக்கும் செமஸ்டரைச் சரியாகச் சொல்லுங்கள். அது அவர்கள் கணக்குக்குத் தேவை.

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குப் புத்திமதி சொல்கிற அக்காவாக, அண்ணாவாக மாறிவிடுவதுதான் நாங்கள் அதிகம் காண்கிற பிழை. அன்போடு சொன்னாலும், வாக்கெடுப்பில் அது ‘எங்களோடு ஒட்டமாட்டார்’ என்றுதான் போய் முடியும். கேள்வி கேளுங்கள். பொருளாளர் யார், வரவுசெலவு எப்படி நடக்கிறது என்று கேட்டால் உங்கள் கணக்கறிவு தானாகவே பேச்சில் வந்துவிடும்.

கடைசிச் சுற்றுக்குப் பிறகு கையொப்பமிடும் ஒப்பந்தத்தை நிதானமாக வாசியுங்கள். அதில் நீங்கள் எழுதிக்கொடுத்த ஒரு கிளை உங்களை எடுத்து, நீங்கள் பிறகு மறுத்தால், அந்தக் கம்பஸில் அடுத்த பிரதான சேர்ப்பு வரை வேறெந்தப் பன்ஹெலெனிக் சொரோரிட்டியிலும் சேர முடியாது. இரண்டு வருடமே மிச்சமுள்ளவருக்கு அது பாதிக் காலம். உண்மையில் சேர விரும்பும் வீடுகளை மட்டும் எழுதுங்கள். எதுவும் பிடிக்காவிட்டால் கையொப்பமிடாமலே விலகலாம், திறந்த அழைப்பு வழி மூடாது.

காசு

ஐ-20இல் காட்டிய செலவுக்குள் இது அடங்காது. கிளைக்குக் கிளை வித்தியாசம் பெரிது: வீடில்லாத சிறு கிளையில் செமஸ்டருக்குச் சில நூறு டொலர், பெரிய வீட்டில் ஆயிரத்தைத் தாண்டும். முதல் செமஸ்டர்தான் கூடிய பாரம். புது உறுப்பினர் கட்டணம், சேர்ப்புச் சடங்குக் கட்டணம், பட்ஜ் எல்லாம் ஒன்றாக வரும். வீட்டில் தங்காதவருக்கும் சாப்பாட்டுக் கட்டணமும் வீட்டுப் பராமரிப்புக் கட்டணமும் போடும் கிளைகள் உண்டு. ‘எல்லாம் சேர்த்து முதல் வருடம் எவ்வளவு?’ என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்களும் ஹலால் தேவைப்படுபவர்களும் மெனுவையும் கூடவே கேளுங்கள். சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பில் வரும்.

இந்தப் பில்லைப் பல்கலைக்கழகம் அனுப்புவதில்லை. வீட்டிலிருந்து காசு அனுப்பச் சொல்வதாக இருந்தால், என்ன ஆவணம் தேவை என்று இங்குள்ள வங்கியில் முன்பே கேட்டுவையுங்கள். கிளை வீட்டின் முகாமையாளராக இருந்தால் அறை இலவசம் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். இலவச அறையும் வேலைக்கான ஊதியமாகக் கணிக்கப்படலாம். எஃப்-1 மாணவர் அனுமதியில்லாத வேலை செய்ததாகிவிடும். சர்வதேச மாணவர் அலுவலகம் சரி என்ற பிறகே கையொப்பம்.

வயதால் வரும் தனிச் சிக்கல்

இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு அமெரிக்காவில் மது விற்கவோ வாங்கிக்கொடுக்கவோ கூடாது. கிளையில் பாதிப் பேர் அந்த வயதை எட்டாதவர்கள். அடையாள அட்டை உள்ள நீங்கள்தான் ‘ஒரு கேஸ் பியர் எடுத்து வாறீங்களா?’ என்று கேட்கப்படுவீர்கள். வாங்கிக்கொடுத்தால் குற்றம் உங்கள் பெயரில்தான் பதியும். குடித்து வாகனம் ஓட்டிக் கைதானால் தீர்ப்பு வருமுன்னரே விசா இரத்தாகலாம். முதல் வாரத்திலேயே ஒரு தரம் மறுத்துவிட்டால் பிறகு கேட்கமாட்டார்கள். பன்ஹெலெனிக் சொரோரிட்டி வீடுகளில் மதுவே கூடாது என்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான்.

பகிடிவதை எங்களுக்குப் புதிதில்லை. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. அங்கே ‘ஹேசிங்’. 2024 டிசம்பரில் கையொப்பமான கூட்டாட்சிச் சட்டத்தின்படி, விதிமீறிய சங்கங்களின் விபரத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். கல்லூரியின் பெயரோடு ‘ஹேசிங் வெளிப்படை அறிக்கை’ என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் கிளை அதில் இருந்தால் போக வேண்டாம். வயது மூத்தவர் என்று உங்களை விட்டுவைப்பார்கள் என்று எண்ணாதீர்கள். சில இடங்களில் இருபது வயதுப் பையனுக்கு மூத்தவரை ஏவுவதில் தனிச் சந்தோஷம். ‘நானாகத்தான் சம்மதித்தேன்’ என்பது பல மாநிலங்களில் சட்டத்தின் முன் செல்லாது.

சேர்ப்புச் சடங்கு இரகசியமானது. சில பழைய சங்கங்களில் அது கிறிஸ்தவ மரபில் அமைந்தது. என்ன நடக்கும் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ‘நான் சைவம், நான் முஸ்லிம், என் சமயத்துக்கு முரணான சத்தியம் ஏதும் உண்டா?’ என்று கேட்டால் பதில் சொல்வார்கள். பிட் வாங்குமுன் கேளுங்கள்.

வீட்டில் ஒரு வருடமாவது தங்க வேண்டும் என்று பல கிளைகள் விதிக்கும். திருமணமானவர், தனி வீடு எடுத்தவர், வாடகை ஒப்பந்தம் செய்தவர் விலக்குக் கேட்கலாம். விலக்குக் கொடுப்பது கிளைத் தலைவியாக இருக்காது. வீட்டுக்குப் பொறுப்பான பழைய உறுப்பினர் சபையிடம் கடிதமாகக் கேட்டு, பதிலும் கடிதமாகவே வாங்குங்கள். தலைவி வாயால் சொன்னது அடுத்த தேர்தலோடு போய்விடும், வாடகைப் பில் உங்கள் பெயருக்கு வரும்.