ஆபீஸுக்கும் போக வேண்டும், ஆர்.ஓ.காரரும் வர வேண்டும்

நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருக்கிறேன். கவுண்டரைத் திறந்துவிட்டால் "வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று எழுந்து போக முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். குரோம்பேட்டையில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு. இந்த லட்சணத்தில் கேஸ், ஆர்.ஓ. (குடிதண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின்), வாஷிங் மெஷின், நெட் என்று எல்லாவற்றையும் லீவைக் கரைக்காமல் எப்படி ஓட்டுகிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், எதற்கு ஆள் இருக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துவிடுங்கள். ஈ.பி. ரீடிங்குக்கு வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிறவருக்கு மீட்டர் பெட்டி கண்ணில் பட்டால் போதும். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அது கீழேதான் இருக்கும். கேட்டைப் பூட்டும் வழக்கம் இருந்தால் வாட்ச்மேனிடமோ கீழ் வீட்டிலோ ஒரு சாவி இருக்கட்டும். கரண்ட் போனால் மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். மீட்டருக்கு வெளியே உள்ள கோளாறு என்றால் நாம் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லைன்மேன் பார்த்துவிடுவார். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் கோளாறு என்றால் அது நம் எலக்ட்ரீஷியன் வேலை.

கேஸுக்கு ஆள் வேண்டும், ஆனால் அது நாமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டபுள் சிலிண்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீர்ந்து அடுத்ததை மாட்டிய அன்றே புக் பண்ணிவிட்டால் டெலிவரி எந்தக் கிழமை வந்தாலும் பதற்றம் இல்லை. பணத்தை ஆன்லைனிலேயே கட்டிவிடுங்கள். எதிர் வீட்டு அக்காவிடம் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் போனால் அவர் மாற்றி வாங்கி வைப்பார். சீல் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இதில் பலர் கோட்டை விடுவது ஓ.டி.பி.யில். டெலிவரிக்கான அந்த நம்பர், பதிவு செய்த மொபைலுக்குத்தான் வரும். அந்த மொபைல் ஒரகடத்து லாக்கருக்குள் இருந்தால், மூன்று மாடி ஏறி வந்த மனிதர் சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். பகலில் யார் போனை எடுக்க முடியுமோ அவர் நம்பரைப் பதிவு செய்யுங்கள். ஏஜென்சியில் புக்கைக் காட்டினால் மாற்றிக் கொடுப்பார்கள்.

இனி உண்மையான தலைவலி: வீட்டுக்குள் வந்து வேலை பார்க்கிறவர்கள்.

"காலை 9 முதல் மதியம் 1 மணிக்குள்" என்று எஸ்.எம்.எஸ். வந்தவுடன் அரை நாள் லீவு எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தைப் போட்டது எங்கோ இருக்கும் கால் சென்டர். பம்மலில் ஒரு வீடு, பொழிச்சலூரில் ஒரு வீடு பார்த்துவிட்டு நம் தெருவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரப்போகிறவருக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. அன்றைய நாள் எப்படிப் போகும் என்பது டெக்னீஷியனுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே பேச வேண்டியது அவரிடம்.

காலையில் அவருக்கு அன்றைய லிஸ்ட் வந்ததும் நமக்கும் அவர் பெயர், நம்பர் போட்டு மெசேஜ் வரும். வந்த கையோடு கூப்பிடுங்கள். அவர் முதல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் அப்புறம் போனை எடுக்க மாட்டார். "எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "வந்துடுவேன் மேடம்" என்றுதான் பதில் வரும். நான் இப்படிக் கேட்பேன்: "தம்பி, இன்னைக்கு முதல் கால் எந்த ஏரியா? எங்க வீட்டை முதல்ல வச்சுக்க முடியுமா, இல்ல வீட்டுக்குப் போற வழியில கடைசியா வர்றீங்களா?" முதல் கால், அதாவது அவர் போகிற முதல் வீடு நம்முடையது என்றால் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போதும். கடைசி கால் என்றால் அதுவும் வேண்டாம். தாம்பரம் பக்கம் வீடு இருக்கிற பையன் என்றால் சாயங்காலம் ஆறரைக்கு நம் வீட்டைப் பார்த்துவிட்டுப் போவது அவருக்கும் சௌகரியம். நடுவில் வரும் கால்தான் நம் நாளைத் தின்றுவிடும்.

அதே போனில் இன்னொன்றும் முடித்துவிடுங்கள். மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, என்ன கோளாறு என்பதையும் சொல்லுங்கள். ஆர்.ஓ. என்றால், "தண்ணி சொட்டுச் சொட்டா வருது, மெம்பிரேன் கையில இருக்கா?" என்று உள்ளே இருக்கும் அந்த வடிகட்டியைக் கேட்டால் எடுத்து வருவார். கேட்காவிட்டால் வந்து, திறந்து, பார்த்து, "ஸ்பேர் போடணும் மேடம், நாளைக்கு எடுத்துட்டு வரேன்" என்பார். அந்த நாளைக்கு இன்னொரு பெர்மிஷன். லொகேஷனும் அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டை மேப் பின்தெருவில் காட்டுகிறது. "மாவு மில் மாடி" என்று சொன்னால்தான் ஆள் வந்து சேர்கிறார்.

நாள் குறிக்கும் முன் மின் தடை அறிவிப்பைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை ஏரியா ஏரியாவாக நிறுத்துவார்கள். பேப்பரில் முந்தைய நாளே வந்துவிடும். கரண்ட் இல்லாமல் வாஷிங் மெஷினை யார் பார்க்க முடியும்? கிழமை விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பினை: 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. என் வீட்டு ரிப்பேர் எல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில்தான். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) சர்வீஸ் போன்ற அவசரமில்லாததை நானே போன் செய்து அந்தத் தேதிக்குத் தள்ளிவிடுவேன்.

ஒரு முறை மாமியார் காலையிலிருந்து வீட்டிலேயே இருக்க, "கஸ்டமர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது" என்று எனக்கு மெசேஜ் வந்தது. பெல்லும் அடிக்கவில்லை, போனும் வரவில்லை. இப்படி வந்தால் கோபத்தை அடக்கிக்கொண்டு, போனில் அன்றைக்கு வந்த அழைப்புகளின் லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பழைய புகார் எண்ணையே சொல்லித் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். புதிய புகார் போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்து, அந்த எண்ணையும் கம்பெனிக்குச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் ஓ.டி.பி. கேட்பார்கள். அது போனால் புகார் மூடப்பட்டது என்று அர்த்தம். ஆர்.ஓ. என்றால், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரைத் தம்ளரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் என்றால் ஒரு தடவை தண்ணீர் ஏறி இறங்கட்டும். அதற்கப்புறம் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால், "எனக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்று முன்பே சொல்லி வையுங்கள். நான் லன்ச் நேரத்தில் வீடியோ காலில் பார்த்துவிட்டுச் சொல்வேன். அடுப்பு, கேஸ் டியூப் வேலைக்கு மட்டும் நானோ என் வீட்டுக்காரரோ வீட்டில் இல்லாமல் யாரையும் விடுவதில்லை. கேஸ் கசிவு என்றால் அப்பாயிண்ட்மெண்ட் பேச்சே வேண்டாம்; ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள்.

ஏ.சி. சர்வீஸைப் பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலில் கேட்டால் ஊரே ஏ.சி. மெக்கானிக் பின்னால் நிற்கும்.

நன்றாக வேலை செய்தவர் நம்பரை "ஆர்.ஓ. தம்பி, தாம்பரம்" என்கிற மாதிரி சேமித்து வையுங்கள். அடுத்த முறை கம்பெனியில் புகார் போட்டுவிட்டு அவரையும் கூப்பிட்டுச் சொன்னால் அந்த வேலையைத் தன் பெயரில் போடச் சொல்லி வாங்கிக்கொள்வார். வேறு கம்பெனிக்கு மாறியிருந்தாலும் பரவாயில்லை, "இப்ப நம்ம ஏரியா யார் பார்க்கிறாங்க?" என்று கேட்டால் நம்பர் அனுப்பிவிடுவார்.