கறிவேப்பிலைக் கண்டை வெளியில வைக்க அவசரப்படாதேங்கோ

டொரோண்டோ பக்கம் ஏப்ரல்ல ரெண்டு நாள் 15 டிகிரி வந்தா காணும், இவ்வளவு மாசமும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த சந்தோசத்தில ஜன்னலடியில நிக்கிற கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய் டெக்கில வைச்சிடுவம். தயவுசெய்து பொறுங்கோ. பகல் வெய்யிலை நம்பாதேங்கோ, இரவு எத்தினை டிகிரிக்கு இறங்குது எண்டுதான் பாக்கவேணும், மே மாசம் தொடங்கின பிறகும் இங்க உறைபனி விழுற இரவு இருக்கு. ஒரு கிழமையா இரவிலயும் 10 டிகிரிக்குக் கீழ போகாட்டி சரி, அது அனேகமா மே பிற்பகுதியில வாற விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்குப் பிறகுதான்.

அப்பவும் நேர வெய்யில் வேண்டாம். ஊர் வெய்யிலையே தாங்கிற மரம்தானே எண்டு நான் முதல் வருசம் அப்பிடியே வைச்சு ரெண்டு நாள்ல இலையெல்லாம் வெளிறிக் கருகிப்போச்சு, சரியான கவலை. மாசக்கணக்கா கண்ணாடிக்குப் பின்னால வந்த இலைக்கு அந்தப் பலம் இல்லை. முதல் நாள் நிழல்ல, காத்தடிக்காத இடத்தில ஒரு மணித்தியாலம் வைச்சிட்டு உள்ள எடுங்கோ, பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, காலமை வெய்யிலும் காட்டி, ஒரு 10 நாள்ல முழுசா வெளியில விடலாம்.

இலைக்கு அடியில பூச்சி இருக்கோ எண்டும் பாத்து தண்ணியால நல்லாக் கழுவிவிடுங்கோ. நுனியைக் கிள்ளிவிட்டா பக்கத்தால கிளை வெடிக்கும், கிள்ளினது அண்டைக்குச் சொதிக்கு ஆச்சு.