செயற்கைக்கோள் படத் தொகுப்புகளில் முன்னோட்டப் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் படங்கள் டைல் எனும் சதுரத் துண்டுகளாக வருகின்றன. டைல் ஒன்றின் ஒரு பக்கத்தில் 10,980 பிக்சல்கள். அதோடு வரும் முன்னோட்டப் படத்தில் 343 மட்டுமே. 10 மீட்டர் பிக்சல் 320 மீட்டராகிவிடுகிறது. தேடுபவர் முழுப் படத்தை இறக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இந்தச் சின்னப் படத்தைப் பார்த்துத்தான். அது அழகாக இருக்கிறதா என்பது அப்புறம். உள்ளதை உள்ளபடி காட்டுகிறதா என்பதே முதல் கேள்வி.

அதிகம் கெடுவது வெளிச்சத்தில்தான். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக 2 முதல் 98 சதமானம் வரை ஸ்ட்ரெட்ச் செய்துவிடுவார்கள்; அதாவது மிக இருண்ட 2 சதவீதத்தையும் மிக வெளிச்சமான 2 சதவீதத்தையும் வெட்டி, இடைப்பட்டதைக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை விரிப்பார்கள். தனியாகப் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஒரே இடத்தின் பல தேதிகள் தேடல் முடிவில் வரிசையாக வரும்போது குட்டு வெளிப்படும். மேகம் நிறைந்த நாளில் மேகமே மேல் எல்லையைப் பிடித்துக்கொள்வதால் நிலம் கறுத்துப்போகும். இன்னொரு நாளில் படம் முழுக்கப் படர்ந்த மெல்லிய மூட்டத்தைக் கீழ் எல்லை வெட்டி எறிந்துவிடும். மங்கலான படம் தெளிவானதுபோல் வேஷம் போடும். தொகுப்பு முழுவதற்கும் ஒரே எல்லை வையுங்கள். நிலப் பகுதிகளுக்குப் பிரதிபலிப்பு (விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கு) 0 முதல் 0.3 வரை என்பது நல்ல தொடக்கம். பனிப் பிரதேசத்துக்கு அது போதாது.

நிலையான எல்லை வைத்தாலும் ஒரு பொறி உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண் மதிப்புகளில் 1,000 கூட்டப்பட்டு வருகிறது. சிவப்பு பேண்டில் (சிவப்பு ஒளியை மட்டும் பதியும் அலைவரிசையில்) முன்பு 400 காட்டிய காடு இப்போது 1,400 காட்டும். இதைக் கழிக்காமல் பழைய அளவுகோலிலேயே முன்னோட்டம் தயாரித்தால், அந்தத் தேதிக்குப் பிறகு எல்லாமே வெளுத்துத் தெரியும். தேதியை மட்டும் நம்பியும் கழித்துவிடாதீர்கள். பழைய படங்கள் பலவும் மறுசெயலாக்கம் ஆகி இதே கூட்டலோடு வருகின்றன. மெட்டாடேட்டாவில் (படத்தோடு வரும் விவரக் கோப்பில்) உள்ள ஆஃப்செட்டை, அதாவது கூட்டல் அளவைப் படிப்பதுதான் சரி.

அடுத்தது தரவில்லாத பகுதி. ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை கிடையாது. அதனால் விளிம்புகள் கறுப்பாகின்றன. அந்தக் கறுப்பு ஏரி நீரா, நிழலா, தரவே இல்லையா என்று தெரியாது. ஒளிபுகும் தன்மையுள்ள பிஎன்ஜி (PNG) அல்லது வெப்பி (WebP) பயன்படுத்தலாம். சுருக்கும்போது தரவில்லாத பிக்சல்களையும் சராசரியில் சேர்த்தால் ஓரத்தில் கருங்கோடு விழும், எனவே விலக்குங்கள் என்பது பொதுவான அறிவுரை. அதை அப்படியே அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 7-இன் படங்களுக்குப் பொருத்தினால் வேறு வினை. 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் லைன் கரெக்டர் (வருடும் கோடுகளை நேராக்கும் கருவி) பழுதானது. அதன்பின் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கோடுகோடாக விடுபட்டிருக்கிறது. 32 மடங்கு சுருக்கும்போது விடுபட்ட பிக்சல்களை விலக்கிச் சராசரி எடுத்தால், அந்தக் கோடுகளை அக்கம்பக்கத்துப் பிக்சல்களே மூடிவிடும். முழுசான படம் என்று நம்பி இறக்குபவருக்கு ஓட்டைதான் கிடைக்கும். செல்லுபடியான பிக்சல்களின் விகிதத்தையே ஒளிபுகா அளவாக (ஆல்ஃபா) போட்டால் குறை கண்ணில் படும். சிறு மேகங்களுக்கு இந்த வித்தை உதவாது. நூறு மீட்டர் மேகத் துணுக்குகள் சென்டினல்-2 முன்னோட்டத்தின் 320 மீட்டர் பிக்சலில் கரைந்துவிடும். மேக சதவீதத்தைப் படத்தின் அருகிலேயே எண்ணாகக் காட்டுங்கள்.

ரேடார் படங்களுக்கு ஆப்டிகல் (ஒளிப்பட) வழக்கம் ஒத்துவராது. ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 கோப்போடு வரும் குவிக்லுக் எனும் முன்னோட்டப் படம், வரைபடத்தில் பொருத்தப்படாதது. தெற்கிலிருந்து வடக்காகச் செல்லும்போது எடுத்த படம் தலைகீழாக இருக்கும். அதை அப்படியே வரைபடத்தின் மேல் ஒட்டினால் கடற்கரை எதிர்ப்பக்கம் போய்விடும். மதிப்புகளை டெசிபலுக்கு (மடக்கை அளவுகோலுக்கு) மாற்றாவிட்டால் நகரம் மட்டும் மின்னும், மற்றதெல்லாம் இருட்டு.

மற்றவை சில்லறைத் தவறுகள்தான், ஆனாலும் தலைவலி. நில வகைப்பாட்டு அடுக்குகளுக்குச் சராசரி வேண்டாம். வகை எண் 1-க்கும் 3-க்கும் நடுவே 2 என்று இல்லாத வகை முளைத்துவிடும். செயற்கைக்கோள் படங்களைப் பட்டியலிடுவதற்கான ஸ்டாக் (STAC) விவரக்குறிப்பு, தம்ப்நெயில் (சின்ன முன்னோட்டப் படம்) என்றால் 600 பிக்சலுக்கு உட்பட்டிருப்பது நல்லது என்கிறது. பெரியதை ஓவர்வியூ என்று தனியாகக் குறியுங்கள். காலாவதியாகும் இணைப்புகளை மெட்டாடேட்டாவில் எழுதி வைக்காதீர்கள். மூலப்படம் மறுசெயலாக்கமானால் முன்னோட்டத்தையும் புதிதாகத் தயாரித்து, கோப்புப் பெயரில் பதிப்பு எண்ணைச் சேருங்கள். பெயர் மாறாவிட்டால் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) கிடக்கும் பழைய படமே வந்துகொண்டிருக்கும்.