பகிர்ந்த காலண்டர்: அனுமதியில் நடக்கும் தவறுகள்

பகிர்ந்த காலண்டரில் ஒரு மீட்டிங்கைச் சேர்க்கிறீர்கள். சேர்ந்துவிட்ட மாதிரியே தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் காணோம். கோபம் ஆப் மீது வரும், ஆனால் பல சமயம் சிக்கல் அனுமதியில் இருக்கிறது. உங்களுக்கு எழுதும் உரிமை இல்லை என்பதை ஆப் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, பிறகு சர்வர் அதை நிராகரித்துவிட்டது.

காலண்டர் யாருடையது, அதில் என்ன செய்யலாம் என்பது பெயரிலோ நிறத்திலோ இல்லை. சர்வரைக் கேட்டால்தான் தெரியும். கூகுள் காலண்டர் நான்கு நிலைகளில் ஒன்றைப் பதிலாகத் தரும்: பிஸியா இல்லையா என்று மட்டும் பார்ப்பவர், விவரமும் பார்ப்பவர், எழுதுபவர், உரிமையாளர். கால்டேவ் (காலண்டர் ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ளும் பொது விதிமுறை) வழியாக இணையும் ஆப்களுக்கு இன்னும் நுணுக்கமான பட்டியல் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் நிகழ்வைத் திருத்துவது ஓர் உரிமை, புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறொன்று, நீக்குவது மற்றொன்று. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமலும் போகலாம். ‘எழுதலாம்’ என்று ஒரே டிக்கில் மூன்றையும் அடக்கிவிடும் ஆப் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆப் எழுதுபவர்கள் செய்யும் இன்னொரு தவறு, முதல்முறை கிடைத்த பதிலையே பிடித்துக்கொண்டிருப்பது. உரிமையாளர் நேற்று அனுமதியைக் குறைத்திருப்பார், ஆப் இன்னும் ‘திருத்து’ பட்டனைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சரி, பயன்படுத்துகிறவர்கள் பக்கம் வருவோம். அதிகம் நடப்பது லிங்க் குழப்பம். காலண்டரின் ஐசிஎஸ் முகவரியை (வேறு ஆப்களில் சேர்த்துப் பார்ப்பதற்கான லிங்க்) அனுப்பிவிட்டு, “ஷேர் பண்ணிட்டேன், நீங்களே மாத்திக்கோங்க” என்பார்கள். அந்த முகவரியைச் சேர்த்தவரால் படிக்க மட்டும்தான் முடியும். அவர் யார் என்றே சர்வர் கேட்பதில்லை, லிங்க் கையில் இருந்தால் போதும். நீங்கள் செய்த மாற்றம் அவருக்குத் தெரிய மணிக்கணக்கில் ஆகலாம். கூகுளின் ‘ரகசிய முகவரி’யும் இப்படி ஒரு லிங்க்தான், அதை குரூப்பில் போட்டால் அப்புறம் அது ரகசியமே இல்லை. கைமீறிப் போயிருந்தால் செட்டிங்ஸில் அதை ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் செத்துவிடும். சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால், அவருடைய மின்னஞ்சலைக் கொடுத்து, அவருக்கென்று அனுமதி கொடுப்பதுதான் வழி.

‘பிரைவேட்’ என்று குறித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்புவதும் ஆபத்து. கூகுள் காலண்டரில் நிகழ்வுகளைத் திருத்தும் அனுமதி உள்ளவர் பிரைவேட் நிகழ்வின் விவரத்தையும் பார்ப்பார். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை அலுவலகக் காலண்டரில் போடுமுன் இதை யோசியுங்கள்.

பார்க்க மட்டும் தேவைப்படுகிறவருக்குத் திருத்தும் அனுமதி கொடுப்பது சோம்பேறித்தனம்தான். பகிர்தலையும் நிர்வகிக்கும் அனுமதி அதைவிட மோசம், அவர் உங்களைக் கேட்காமல் இன்னொருவரைச் சேர்க்கலாம்.

பட்டியலிலிருந்து எடுப்பதும் அழிப்பதும் வேறு வேறு. மற்றவருடைய காலண்டரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்தால் உங்களுக்கு மட்டும்தான் மறையும். உங்கள் காலண்டரை நிரந்தரமாக நீக்கினால் எல்லோருக்கும் போய்விடும். இரண்டும் செட்டிங்ஸில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கலாம், அழுத்துமுன் பட்டனில் உள்ள வாசகத்தை முழுசாகப் படியுங்கள்.